கொல்லையில் நிற்கும் பழைய பைக்: கடலூர், புதுச்சேரிக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கடலூரிலும் புதுச்சேரியிலும் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கூடும் பழைய வண்டிக்காரர்கள் நாங்கள். புல்லட், ஜாவா, எஸ்டி, ராஜ்தூத், ஆர்எக்ஸ் 100, இந்த் சுசூகி என்று ஆளுக்கொரு பைத்தியம். புதிதாக வருகிறவர்கள் டீக்கடையில் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான் என்பதால் எழுதி வைக்கிறேன். பதில்களில் என் சாய்வு தெரியும். வண்டி முதலில் ஓட வேண்டும், பளபளப்பு அப்புறம் என்கிற கட்சி நான்.

அண்ணே, தாத்தாவோட ராஜ்தூத் பத்து வருஷத்துக்கு மேல கொல்லையில நிக்குது. பெட்ரோல் ஊத்தி கிக்கர் அடிச்சுப் பாக்கலாமா?

வேண்டாம் தம்பி. அந்த ஆசைதான் நல்ல சிலிண்டரில் கோடு போடும். பல வருடம் நின்ற எஞ்சினில் பிஸ்டன் ரிங் துருப்பிடித்து சிலிண்டரோடு ஒட்டியிருக்கலாம். பேரிங்குகளில் எண்ணெய்ப் பசையே இருக்காது. முதலில் பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக இரண்டு மூன்று ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு ஒரு ராத்திரி அப்படியே விடுங்கள். மறுநாள் டாப் கியரில் போட்டு, பின் சக்கரத்தைக் கையால் மெல்ல முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். அசைந்தால் நல்ல சேதி. அசையாவிட்டால் இன்னும் கொஞ்சம் ஆயில், இன்னும் ஒரு நாள். கிக்கர் மேல் ஏறி நின்று குதித்தால் கிக்கர் ஷாஃப்ட் பல்தான் போகும்.

எஞ்சின் சுற்றுகிறது என்று தெரிந்த பிறகு டேங்கைக் காலி செய்யுங்கள். பழைய பெட்ரோல் மஞ்சளாகி வார்னிஷ் வாடை அடிக்கும். அதே பிசின்தான் கார்புரேட்டர் ஜெட்டையும் அடைத்திருக்கும். ஜெட்டை கிளீனரில் ஊறப்போட்டு காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். கம்பி விட்டுக் குடைந்தால் துளை பெரிதாகி, அப்புறம் எந்த டியூனிங்குக்கும் அடங்காது. கடைசியாக பிளக்கை ஹெட்டில் சாய்த்து வைத்துப் பொறி வருகிறதா என்று பார்த்துவிட்டு, கிக்கரைத் தொடலாம்.

முதல்ல பெயிண்டா, எஞ்சினா?

ஓடவைப்பது, நிறுத்தவைப்பது, வெளிச்சம், காகிதம். பெயிண்ட் இதற்கெல்லாம் பிறகு. முதலில் பெயிண்ட் அடித்த வண்டிகளை நிறையப் பார்த்திருக்கிறோம். எஞ்சின் இறக்கி ஏற்றும்போது ஃபிரேமில் கீறல், டேங்கில் பெட்ரோல் வழிந்து கோடு. மறுபடியும் அடிக்க வேண்டியிருக்கும்.

இன்னொன்று: ஒரு நட்டைக் கூட கழற்றும் முன் செல்போனில் படம் எடுங்கள். வயரிங், கேபிள் போகும் வழி, வாஷர் அடுக்கிய வரிசை எல்லாம். கழற்றியதைத் தனித்தனிக் கவரில் போட்டு மார்க்கரால் எழுதுங்கள். பழைய சாமான் உடைந்திருந்தாலும் எடைக்குப் போடாதீர்கள். எஸ்டியின் பழைய கார்புரேட்டர், புல்லட்டின் பழைய மட்கார்டு, கம்பெனி முத்திரை உள்ள போல்ட் இவற்றின் தகரமும் வார்ப்பும் இன்று கடையில் வரும் நகலில் இருக்காது. பல நேரங்களில் புதிதாக வாங்கிய நகலைவிட, பழையதை வெல்டிங் வைத்துச் சீராக்கியது நன்றாகப் பொருந்தும்.

புல்லட் கிக்கர் திருப்பி அடிக்குது. காலு போயிடும்போல இருக்கு.

பழைய 350 புல்லட்டின் எஞ்சின் 346 சிசி, போர் (சிலிண்டரின் உள் அகலம்) 70 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 90. நீண்ட ஸ்ட்ரோக், கனமான ஃபிளைவீல். பலத்தால் அடிக்கிற கிக் இல்லை அது. சாவியைப் போட்டு கிக்கரை மெல்ல அழுத்துங்கள். கனமாக ஒரு இடத்தில் நிற்கும். அங்கே டீகம்ப்ரஷன் லிவரை (சிலிண்டர் அழுத்தத்தை விடுவிக்கும் சின்ன லிவர்) பிடித்துக்கொண்டு ஒரு துளி தாண்டவிட்டு, லிவரை விட்டுவிடுங்கள். கிக்கரை முழுக்க மேலே வரவிட்டு, பாதியில் நிறுத்தாமல் கடைசி வரை ஒரே மிதி. அம்மீட்டர் முள்ளும் உதவும். பாயிண்ட் (பொறியை நேரம் பார்த்து வரவைக்கும் சின்ன ஸ்விட்ச்) மூடும்போது முள் மைனஸ் பக்கம் இறங்கும், திறக்கும்போது நடுவுக்கு வரும்.

இவ்வளவு செய்தும் திருப்பி அடித்தால் டைமிங் (பொறி வரும் நேரம்) முன்னால் போயிருக்கிறது என்று பொருள். பாயிண்ட் பிளேட்டைப் பார்க்கணும், டைமரின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறதா என்றும் பார்க்கணும். அதுவரை செருப்புக் காலோடு கிக் அடிக்க வேண்டாம்.

பல்ஸர் ஓட்டிப் பழகியவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பழைய புல்லட்டில் கியர் வலது கால், பிரேக் இடது கால். முதல் நாள் ரெட்டிச்சாவடி டிராஃபிக்கில் பழக வேண்டாம்.

ரெண்டு மாசம் நின்ன புல்லட். ஸ்டார்ட் பண்ணினா தெருவே புகை. அளவு பாக்குற டிப்ஸ்டிக்ல ஆயிலும் கம்மியா காட்டுது. ரிங் போயிடுச்சா?

பெரும்பாலும் ரிங் இல்லை. நின்றுகொண்டிருக்கும்போது ஆயில் டேங்கில் இருக்கும் ஆயில் பம்ப் வழியாகக் கசிந்து எஞ்சின் அடியிலுள்ள கிராங்க் அறைக்குள் இறங்கிவிடும். டிப்ஸ்டிக் காலியாகக் காட்டுவதற்கும் புகைக்கும் காரணம் இந்த ஒன்றுதான். இங்கேதான் பலர் மாட்டுகிறார்கள்: ஆயில் இல்லை என்று நினைத்து இன்னொரு லிட்டர் ஊற்றுகிறார்கள். ஓட ஆரம்பித்ததும் கீழே இருந்தது மேலே வந்து, அளவு மீறி, எஞ்சின் மூச்சுவிடும் பிரீதர் குழாய் வழியாகச் சங்கிலி, டயர் எல்லாம் ஆயில். கிராங்க் அறையின் டிரெய்ன் போல்ட்டைத் திறந்து இறங்கியதை வடித்துவிட்டு, அந்த அளவை மட்டும் டேங்கில் ஊற்றுங்கள். சில நிமிடம் ஓடவிட்டு நிறுத்திய பிறகுதான் டிப்ஸ்டிக் உண்மையைச் சொல்லும்.

வாரம் ஒருமுறை ஓட்டினால் இந்தத் தொல்லை பாதியாகும். ஓட்டிய பிறகும் புகை விடாமல் வந்தால் அப்போது ரிங்கைப் பற்றி யோசிக்கலாம்.

டேப்பெட் (வால்வை இயக்கும் பாகம்) சத்தம் பற்றியும் இதே ஆட்கள் கேட்பார்கள். எஞ்சின் நன்றாக ஆறியிருக்கும்போது, பிஸ்டன் கம்ப்ரஷனில் மேலே நிற்கையில், புஷ்ராடு (வால்வைத் தள்ளும் கம்பி) விரலால் சுலபமாகச் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆடக்கூடாது. அவ்வளவுதான். சத்தமே வரக்கூடாது என்று இறுக்கினால் வால்வு எரியும்.

காலையில நல்லா ஓடுது. சூடானா நின்னுடுது. அரை மணி நேரம் ஆறினா மறுபடி ஸ்டார்ட் ஆகுது.

கார்புரேட்டரில் கை வைக்கும் முன், பாயிண்ட் நுனி கருகாமல் காக்கும் கண்டன்சரைச் சந்தேகப்படுங்கள். பாயிண்ட் வண்டிகளில் சூடானதும் நிற்பதற்கு முதல் குற்றவாளி அதுதான், அடுத்தது காயில். பாயிண்ட் மூடியைத் திறந்து எஞ்சின் ஓடும்போது பாருங்கள். பாயிண்ட் நுனியில் பெரிய நீலப்பொறி பறந்தால், நுனி கருகி மேடு பள்ளமாக இருந்தால், கண்டன்சர் போய்விட்டது. ஐம்பது நூறு ரூபாய் சாமானுக்காக எஞ்சினை இறக்கியவர்கள் நம் ஊரில் உண்டு.

பாயிண்ட் இடைவெளி புல்லட்டுக்கும் ஜாவா, எஸ்டிக்கும் ஏறக்குறைய 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். பிளேடு வைத்து ஊகிக்காமல் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வாங்கிக்கொள்ளுங்கள். பெட்ரோல் டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்திருந்தாலும் இதே மாதிரி நிற்கும். நின்றதும் மூடியைத் திறந்தால் “உஸ்” என்று காற்று இழுக்கும். அதையும் பார்த்துவிடுங்கள்.

டூ ஸ்ட்ரோக் வண்டி. ஆக்சிலரேட்டரை விட்டாலும் எஞ்சின் இரைஞ்சிக்கிட்டே இருக்கு.

கேபிள் சிக்கவில்லையென்றால் எங்கோ காற்று இழுக்கிறது. டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் அறையும் ஒரு பம்ப். அதன் இரு பக்க ஆயில் சீல்களும் நின்றே காய்ந்து ரப்பர் இறுகிவிடும். மேக்னெட் பக்க சீல் போனால் காற்று உள்ளே போய், பெட்ரோல் குறைந்து, எஞ்சின் கொதித்து பிஸ்டன் பிடிக்கும். கிளட்ச் பக்க சீல் போனால் கியர் ஆயிலை உறிஞ்சி எரிக்கும். வெள்ளைப் புகை நிற்கவே நிற்காது, கியர் ஆயில் மாதாமாதம் குறையும். கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவில் உள்ள பேக்கிங், ரப்பர் இரண்டையும் முதலில் பாருங்கள், அது சுலபம். சீல் என்றால் எஞ்சினைப் பிரிக்கத்தான் வேண்டும். நெடுநாள் நின்ற டூ ஸ்ட்ரோக்கை எடுக்கும்போதே சீல் மாற்றும் செலவைக் கணக்கில் வையுங்கள்.

ஓடும்போது பிஸ்டன் பிடிப்பது போல எஞ்சின் இழுத்தால் உடனே கிளட்சைப் பிடியுங்கள். பிரேக் அதற்கு அப்புறம்.

போரிங் போட லேத் பட்டறைக்குக் கொடுக்கப்போறேன். என்ன சொல்லிக் கொடுக்கணும்?

போரிங் என்றால் தேய்ந்த சிலிண்டரை உள்ளே கொஞ்சம் பெரிதாகக் கடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போடுவது. பிஸ்டனை முதலில் வாங்குங்கள். சிலிண்டரையும் பிஸ்டனையும் சேர்த்துக் கொடுங்கள். “0.50 போர் போட்டு வை, பிஸ்டன் அப்புறம் தர்றேன்” என்று சொல்லாதீர்கள். டப்பாவில் 0.50 (அரை மில்லிமீட்டர் பெரிது) என்று அச்சடித்திருந்தாலும் ஒவ்வொரு பிஸ்டனும் கொஞ்சம் கூடக் குறைய இருக்கும். நல்ல லேத்காரர் மைக்ரோமீட்டரில் பிஸ்டனை அளந்துவிட்டுத்தான் போர் போடுவார். அளக்காமல் வேலையை ஆரம்பிக்கிறவரிடமிருந்து சிலிண்டரை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

டூ ஸ்ட்ரோக் சிலிண்டர் என்றால் இன்னொன்றும் கேளுங்கள்: போர்ட் ஓரத்தைத் தேய்த்துக் கொடுத்தாரா? போரிங் முடிந்ததும் போர்ட் விளிம்பு கத்திபோல இருக்கும். அதை மெல்லச் சாய்த்து மழுக்காவிட்டால் ரிங் அதில் மாட்டி ஒடியும். புது ரிங்கை பிஸ்டனில் போடும் முன் சிலிண்டருக்குள் தனியாக நுழைத்து, அதன் இரு முனைக்கும் நடுவிலுள்ள வாய் இடைவெளியை ஃபீலர் கேஜால் பாருங்கள். பிஸ்டன் தலையிலுள்ள அம்புக்குறி எக்ஸாஸ்ட் பக்கம்.

புது போருக்கு முதல் 500 கிலோமீட்டராவது பொறுமை வேண்டும். ஒரே வேகத்திலும் போகக்கூடாது, விரட்டவும் கூடாது, ஊர்ந்து கொதிக்கவும் விடக்கூடாது. அதனால் புதுச்சேரி ஊருக்குள் சிக்னல் சிக்னலாக நிற்பதைவிட, கடலூரிலிருந்து நெல்லிக்குப்பம், பண்ருட்டி பக்கம் விடியற்காலையில் போய்வருவது எஞ்சினுக்கு நல்லது. கரும்பு வண்டி சீசனில் மட்டும் அந்த ரோட்டைத் தவிருங்கள்.

எஸ்டிக்கு ஆயில் எவ்வளவு கலக்கணும்? இப்போ வர்ற எத்தனால் பெட்ரோல் பழைய வண்டிக்கு ஆகுமா?

எஸ்டி, ஜாவா, ராஜ்தூத் மூன்றும் பெட்ரோலிலேயே ஆயில் கலந்து ஓடுபவை. லிட்டருக்கு 40 மில்லி டூ-டி (டூ ஸ்ட்ரோக்) ஆயில் என்றால் 25க்கு 1. பழைய எஞ்சினுக்கு அது போதும். “இன்னும் கொஞ்சம் ஊத்தினா எஞ்சினுக்கு நல்லது” என்று ஊற்றினால் சைலன்சரும் பிளக்கும் கரியாகும். ஆர்எக்ஸ் 100இல் தனி டூ-டி டேங்க்கும் பம்பும் உண்டு. அந்த டேங்க் ஒருமுறை வறண்டால் பம்ப் குழாயில் காற்று பிடிக்கும். காற்றை வெளியேற்றாமல் ஓட்டினால் பிஸ்டன் காலி. பம்ப் ஸ்க்ரூவைத் தளர்த்தி, குமிழி இல்லாமல் ஆயில் வரும் வரை விட்டு இறுக்குங்கள். அதுவரை பெட்ரோலிலும் கொஞ்சம் கலந்துகொள்ளுங்கள்.

எத்தனாலைப் பொறுத்தவரை, இப்போது பெட்ரோல் பங்குகளில் கிடைப்பது 20 சதவீதம் கலந்த இ20. எத்தனால் ஈரத்தை இழுக்கும். நம் கடற்கரைக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. ஈரம் அதிகமானால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து டேங்க் அடியில் தங்கித் துருவை வளர்க்கும். பழைய ரப்பர் குழாய், பெட்ரோல் காக் வாஷர், கார்புரேட்டர் பேக்கிங் ஊதிப்போகும். எத்தனால் தாங்கும் குழாயாக மாற்றுவது முதல் வேலை. வண்டியைச் சில வாரம் நிறுத்துவதானால் பெட்ரோல் காக் வால்வை மூடி, கார்புரேட்டர் கிண்ணத்தைக் காலி செய்துவிடுங்கள். இ20இல் எரிபொருள் கலவை கொஞ்சம் மெலியும். பிளக் நுனி காப்பிப்பொடி நிறமில்லாமல் வெளுத்து வந்தால் கார்புரேட்டர் ஊசியின் கிளிப்பை ஒரு வெட்டு கீழே இறக்குங்கள், அல்லது மெயின் ஜெட்டை ஒரு நம்பர் ஏற்றுங்கள்.

உப்புக் காத்துல குரோம் எல்லாம் புள்ளி புள்ளியா போகுது. என்ன பண்றது?

சில்வர் பீச்சுக்குப் பக்கம், முதுநகர், வைத்திக்குப்பம், குருசுக்குப்பம் என்று குடியிருப்பவர்களின் நிரந்தர வழக்கு இது. வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவி, உடனே துடைத்து, ரிம், ஸ்போக், சைலன்சரில் மெல்லிய மெழுகுப் பூச்சு. போர்வெல் தண்ணீர் உப்பாக இருக்கும் தெருவில் கழுவினால் கடலைக் கொண்டுவந்து ஊற்றியதாகத்தான் அர்த்தம். சர்வீஸ் ஸ்டேஷனில் கழுவிவிட்டு டீசல் அடிப்பார்கள், அது வேண்டாம். பளபளக்கும், ஆனால் புஷ் ரப்பரையும் கேபிள் உறையையும் தின்னும், பிரேக் லைனரில் பட்டால் வண்டி நிற்காது.

கண்ணுக்குத் தெரியாத இடம்தான் மோசம். பாடியோடு எர்த் சேரும் இடம், ஃபியூஸ் முனை, பல்ப் ஹோல்டர். “வயரிங்கே மொத்தமா போயிடுச்சு” என்று வருகிற வண்டிகளில் பல, எர்த் போல்ட்டைக் கழற்றி உப்புத்தாள் போட்டதும் சரியாகிவிடுகின்றன. பிளாஸ்டிக் கவர் போட்டு மூடாதீர்கள். உள்ளே வியர்த்து, திறந்து வைத்ததைவிட வேகமாகத் துருவேறும். பருத்தித் துணி போதும்.

வெள்ளத்துல முங்கின வண்டியைக் காப்பாத்த முடியுமா?

முடியும், ஆசையில் கிக்கரை மிதிக்காமல் இருந்தால். 2011 டிசம்பர் 30இல் ‘தானே’ புயல், 2015 மழை, 2024 நவம்பர் 30இல் கரை கடந்த ஃபெஞ்சல் புயல் என்று நம் பக்கம் இந்தக் கேள்வி ஓய்வதில்லை. ஃபெஞ்சலின்போது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை. அடுத்த நாட்களில் தென்பெண்ணை பெருகி கடலூர்ப் பக்கக் குடியிருப்புகளுக்குள் வந்தது.

தண்ணீர் வடிந்ததும் பேட்டரி இணைப்பைக் கழற்றி, நல்ல தண்ணீரால் சேற்றைக் கழுவுங்கள். சேறு காய்ந்தால் கல். பிளக்கைக் கழற்றி, எஞ்சினைக் கையால் சுற்றி உள்ளே இருக்கும் தண்ணீரை வெளியேற்றுங்கள். மூடிய சிலிண்டரில் தண்ணீரோடு கிக் அடித்தால் கன்ராடு (பிஸ்டனைத் தாங்கும் தண்டு) வளையும். எஞ்சின் ஆயில் பால் ஊற்றிய டீ நிறத்தில் இருந்தால் வடித்து, மலிவான ஆயில் ஊற்றிச் சில நிமிடம் ஓடவிட்டு அதையும் வடித்து, பிறகு நல்ல ஆயில். கியர் பாக்ஸ், ஃபோர்க் ஆயிலும் மறக்கக்கூடாது. மேக்னெட் மூடி, இரண்டு பிரேக் டிரம், கார்புரேட்டர் கிண்ணம் எல்லாம் திறந்து காயவேண்டும். டேங்க் அடியில் தண்ணீர் நிற்கும். சக்கர பேரிங் இரண்டு வாரம் கழித்துத்தான் கத்தும், அதனால் இப்போதே கிரீஸ் மாற்றிவிடுங்கள். இதையெல்லாம் தண்ணீர் வடிந்த வாரத்துக்குள் செய்தால் வண்டி பிழைக்கும். இழப்பீட்டுக்குக் காத்திருந்தால் பிழைக்காது.

15 வருஷம் ஆன வண்டியை ஓட்டவே கூடாதாமே? பாண்டிக்கு மாத்தினா வரி கம்மியாமே?

முதல் பாதி வதந்தி. டெல்லி வட்டாரத்துக் கட்டுப்பாட்டைக் கேட்டுவிட்டு இங்கே பயப்படுகிறார்கள். நம் பக்கம் சொந்த உபயோக பைக்கின் ஆர்.சி. (பதிவுச் சான்று) 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பிறகு வண்டியை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் காட்டி ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்கலாம். அதற்குப் படிவம் 25. தமிழ்நாட்டில் பசுமை வரி உண்டு. 20 ஆண்டு தாண்டிய பைக்குகளுக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 2025 ஆகஸ்டில் 2,000 ரூபாயாக உயர்ந்தது. குறைந்தது மூன்றாம் நபர் இன்சூரன்ஸும் புகைச் சான்றும் வேண்டும். இண்டிகேட்டர், ஹார்ன், பிரேக் லைட் எரியாமல் கொண்டுபோய் நின்று திரும்பி வராதீர்கள்.

இரண்டாவது பாதி: கடலூர்ப் பதிவான டிஎன் 31 வண்டியைப் புதுச்சேரிப் பதிவான பிஒய் 01 ஆக்க, முதலில் இங்கே தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். அதற்குப் படிவம் 28. கூடவே அங்கே முகவரி நிஜமாக இருக்க வேண்டும். வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வண்டி இருந்தால் மறுபதிவு செய்வது சட்டம். வரி மிச்சத்துக்காக உறவினர் வீட்டு முகவரி கொடுத்துவிட்டு கடலூரில் ஓட்டுவதை நான் ஆதரிக்க மாட்டேன். முள்ளோடை செக்போஸ்ட்டில் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்.

50 ஆண்டு தாண்டிய, உருமாறாத வண்டிக்கு 2021இல் வந்த விதிப்படி விண்டேஜ் பதிவு வாங்கலாம். நம்பரில் விஏ என்ற எழுத்துகள் வரும், கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும். ஆனால் அந்த வண்டியை தினம் மார்க்கெட்டுக்கு எடுத்துப் போக முடியாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல், பழுதுபார்ப்பு இப்படிப் போய்வர மட்டும்தான். ஓட்டுவதற்காக வைத்திருப்பவர்கள் சாதாரணப் புதுப்பிப்போடு இருந்துவிடலாம்.

ஆர்எக்ஸ் 100 ஒண்ணு வருது, லட்சத்துக்கு மேல கேக்கறாங்க. வாங்கலாமா?

1985இல் வந்து 1996இல் தயாரிப்பு நின்ற யமஹா வண்டி. 98 சிசி, 11 குதிரைத்திறன். அந்த எடைக்கு அது அதிகம், அதனால்தான் இத்தனை மோகம். மோகம் இருக்கும் இடத்தில் திருட்டும் இருக்கும். சேசிஸ் நம்பர் அடித்த இடத்தை விரலால் தடவிப் பாருங்கள். தேய்த்து மறுபடி அடித்திருந்தால் தகரம் பள்ளமாக இருக்கும், எழுத்து வரிசை ஏறி இறங்கும். ஆர்.சி.யிலுள்ள எஞ்சின் நம்பர் வண்டியில் இருக்கிறதா? எஞ்சின் மாற்றியிருந்தால் அனுமதி பதிவாகியிருக்கிறதா? ஆர்.சி.யில் பெயர் உள்ளவர் நேரில் வந்து படிவம் 29, 30இல் கையெழுத்துப் போடாத வண்டி எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம்.

பெயர் சொல்லும் மாடலே வேண்டும் என்றில்லாதவர்களுக்கு என் சிபாரிசு சுசூகி ஏஎக்ஸ் 100, ஹீரோ ஹோண்டா சிடி 100 இரண்டும். பாதி விலை, பாதி தலைவலி.

சாமான் எங்க கிடைக்கும்?

தினசரி சாமான் உள்ளூரிலேயே உண்டு. கிடைக்காததற்கு சென்னை ஜி.பி. ரோடு, பழையதற்குப் புதுப்பேட்டை. பழைய சாமானைக் கையில் எடுத்துப் போங்கள், பெயர் சொல்லிக் கேட்டால் வேறு ஏதாவது வரும். புதுச்சேரி மகாத்மா காந்தி வீதி ஞாயிறு சந்தையில் பழைய ஸ்பேனர், கேஜ் எப்போதாவது மாட்டும். காலையிலேயே போக வேண்டும்.

சைலன்சரை ஓட்டை போட்டா பவர் ஏறுமா?

சத்தம் ஏறும். டூ ஸ்ட்ரோக்கில் சைலன்சர் எஞ்சினின் ஒரு பாகம். அதன் வடிவத்தைக் கெடுத்தால் இழுவை குறையும், கூடவே போலீஸ் நோட்டீஸும் வரும்.

உங்க கூட்டத்துல சேர வண்டி ஓடுற நிலையில இருக்கணுமா?

வேண்டாம். வண்டியே இல்லாமல் டீ குடிக்க வருகிறவர்களும் உண்டு. ஜூலை இரண்டாம் ஞாயிறு, ஜாவா, எஸ்டி தினத்தன்று மட்டும் ஓடும் வண்டி இருந்தால் நல்லது. அன்று காலை மரக்காணம் உப்பளம் வரை போய்வருவோம். கட்டணம் கிடையாது, தலைவர் கிடையாது. விதி இரண்டே: ஹெல்மெட் இல்லாமல் வரக்கூடாது. மேக்னெட் புல்லர், டயல் கேஜ், கிளட்ச் டூல் எதை இரவல் வாங்கினாலும் நோட்டில் பெயர் எழுதிவிட்டு, அடுத்த ஞாயிறு திருப்பித் தர வேண்டும். மேக்னெட் புல்லர் ஒன்று நெய்வேலிப் பக்கம் எங்கோ இருக்கிறது. யாரிடம் இருக்கிறதோ அவர் இதைப் படித்தால் கொண்டுவந்து கொடுத்துவிடவும்.